சிறு தீவுகளும் மாறும் வாதங்களும்: டொக்டோ, சென்காகு தீவுச் சிக்கல்களில் அரசுகள் கையாளும் உத்திகள்

ஆய்வுச்சுருக்கம்

கிழக்காசியக் கடல்களில் அமைந்துள்ள டொக்டோ (தக்கெஷிமா), சென்காகு (தியாவ்யூ) ஆகிய சிறு தீவுக் கூட்டங்கள் தொடர்பாகத் தென்கொரியா, ஜப்பான், சீனா, தைவான் ஆகிய தரப்புகள் உரிமை கோரி வருகின்றன. இவ்விரு சிக்கல்களிலும் தொடர்புடைய ஜப்பான், ஒன்றில் 'பிணக்கு உண்டு' என்றும் மற்றொன்றில் 'பிணக்கே இல்லை' என்றும் கூறுகிறது. இம்முரண்பாட்டைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டு, தீவு உரிமைச் சிக்கல்களில் அரசுகளின் உத்தி எவற்றால் தீர்மானிக்கப்படுகிறது என்பதை இக்கட்டுரை ஒப்பீட்டு முறையில் விளக்குகிறது. ஓர் அரசின் சொல்லைத் தீவு யார் வசம் உள்ளது என்பதும், அதன் செயலை எதிர்த் தரப்பின் வலிமையும் தீர்மானிக்கின்றன என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும். குரில் தீவுச் சிக்கலும், பன்னாட்டு நீதிமன்றத் தீர்ப்புகள் சிலவும் இக்கருதுகோளைச் சோதிக்கப் பயன்படுத்தப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்

தீவு உரிமை, இறையாண்மை, டொக்டோ, தக்கெஷிமா, சென்காகு, தியாவ்யூ, பன்னாட்டு நீதிமன்றம், மௌன ஒப்புதல், முடிவுநாள், மீன்பிடி உடன்பாடு.

முன்னுரை

நிலத் தகராறு எழும்போது 'அனுபோகம் யார் கையில் இருக்கிறது' என்னும் வினாவே நம் ஊர்களில் முதலில் எழும். நிலத்தை உழுது பயிர் செய்து வருபவர் தாமாக வழக்கு மன்றம் செல்வதில்லை. தம்மிடம் ஆவணம் இருக்கிறது என்று கூறி வெளியே நிற்பவரே மன்றத்தை நாடுகிறார். நிலம் கையில் இருப்பவருக்கு வழக்கு என்பதே இழப்பிற்கான வாய்ப்பு. வெளியே நிற்பவருக்கு அதுவே பெறுவதற்கான வாய்ப்பு. அரசுகளுக்கிடையே எழும் தீவுத் தகராறுகளிலும் இந்நிலையைக் காணமுடிகிறது.

ஜப்பானிய அரசின் அதிகாரபூர்வ நிலைப்பாடுகள் இதற்குத் தக்க சான்றாகும். தென்கொரியாவின் ஆளுகையில் உள்ள தக்கெஷிமாவைப் பொறுத்தவரை பிணக்கு உள்ளது, அதைப் பன்னாட்டு நீதிமன்றத்தில் தீர்த்துக்கொள்வோம் என்கிறது ஜப்பான். தன் ஆளுகையில் உள்ள சென்காகு தீவுகளைப் பொறுத்தவரை, தீர்க்கப்பட வேண்டிய இறையாண்மைச் சிக்கல் எதுவுமே இல்லை என்கிறது. தென்கொரியா டொக்டோவைப் பற்றிக் கூறுவதும் இதே வாதந்தான். இதனை வெறும் இரட்டை நிலைப்பாடு என்று கடந்துவிடுவது எளிது. ஆனால் அவ்வாறு கூறுவது, அரசுகள் ஏன் அப்படி நடந்துகொள்கின்றன என்பதை விளக்காது. அவ்விளக்கத்தைத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தீவுகளின் பெயர்களே உரிமைக்கோரலின் பகுதியாக இருப்பதால், ஒவ்வொரு தீவுக்கும் வழங்கும் இரு பெயர்களும் முதலில் சுட்டப்பட்டுள்ளன. அதன்பின் ஆளுகை செலுத்தும் தரப்பு வழங்கும் பெயர் வசதி கருதிப் பயன்படுத்தப்படுகிறது. ஜப்பானின் கூற்றை எடுத்துரைக்கும் இடங்களில் தக்கெஷிமா என்னும் பெயர் வருகிறது. பெயர்த் தேர்வு எந்தத் தரப்பின் உரிமையையும் ஏற்பதாகாது.

சிறு தீவுகளின் பெருமதிப்பு

டொக்டோவின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 0.19 சதுர கிலோமீட்டர். இரு முதன்மைப் பாறைத் தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த சிறு பாறைகளுமே அதன் நிலம். கொரியாவின் உல்லுங்தோ தீவிலிருந்து 87.4 கிலோமீட்டர் தொலைவிலும், ஜப்பானின் ஓகி தீவுகளிலிருந்து ஏறத்தாழ 157 கிலோமீட்டர் தொலைவிலும் அது அமைந்துள்ளது. சென்காகு கூட்டத்தில் ஐந்து தீவுகளும் மூன்று பாறைத்திட்டுகளும் உள்ளன. அவற்றுள் பெரியதான உவோட்சுரி, இஷிகாகி தீவிலிருந்தும் தைவானிலிருந்தும் ஏறத்தாழ 170 கிலோமீட்டர் தொலைவிலும், சீனப் பெருநிலத்திலிருந்து ஏறத்தாழ 330 கிலோமீட்டர் தொலைவிலும் உள்ளது.

இத்தகைய சிறு நிலங்கள் பெருமதிப்புப் பெறுவதற்கு முதற்காரணம் கடற்சட்டமாகும். 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கையின்படி எந்தத் தீவுக்கும் 12 கடல் மைல் ஆட்சிக் கடல் உண்டு. மனித வாழ்வையோ தனித்த பொருளாதார வாழ்வையோ தாங்கவல்ல தீவாயின் 200 கடல் மைல் பொருளாதார மண்டலத்திற்கும் அது அடிப்படையாகலாம். அவற்றைத் தாங்கவியலாத பாறைகளுக்குப் பொருளாதார மண்டலம் இல்லை என்று அவ்வுடன்படிக்கையின் 121ஆம் உறுப்பு கூறுகிறது. தென்சீனக் கடல் வழக்கில் 2016 ஜூலை 12 அன்று வழங்கப்பட்ட நடுவர் தீர்ப்பு இவ்விதியை மிகக் கண்டிப்பாகப் பொருள்கொண்டது. ஸ்பிராட்லி தீவுகளிலேயே பெரியதான இட்டு அபாவும் சட்டப்படி பாறையே என்று அது முடிவு செய்தது.

அத்தீர்ப்பின் அளவுகோலைப் பின்பற்றினால் டொக்டோவும் சென்காகுவும் பெரும் கடற்பரப்பைத் தருவது ஐயத்திற்குரியது. ஆயினும் உரிமைக்கோரல்களின் வேகம் குறையவில்லை. மீன்வளம், எண்ணெய் வளம் பற்றிய எதிர்பார்ப்பு ஆகியவற்றிற்கு அப்பால், வரலாற்று நினைவும் அச்சிக்கல்களில் கலந்திருப்பதே இதற்குக் காரணம் எனலாம்.

டொக்டோ: 1905ஆம் ஆண்டின் இரு பொருள்கள்

ஜப்பானிய அமைச்சரவை 1905 ஜனவரி 28 அன்று இத்தீவை ஷிமானே மாநிலத்துடன் இணைக்க முடிவெடுத்தது. பிப்ரவரி 22 அன்று அம்மாநிலத்தின் அறிவிக்கை வெளியாயிற்று. அங்குக் கடற்சிங்க வேட்டையில் ஈடுபட்டிருந்த நகாய் யோசபுரோ என்பவர் 1904இல் அளித்த விண்ணப்பமே இதற்கு உடனடித் தூண்டுதலாயிற்று. அவர் வேட்டையாடிய ஜப்பானியக் கடற்சிங்க இனம் இன்று அற்றுப்போய்விட்டது; அதன்பொருட்டு எழுந்த ஆவணம் மட்டும் எஞ்சி நிற்கிறது.

ஜப்பானின் பார்வையில் 1905 என்பது முன்பே இருந்த உரிமையை நவீன சட்ட முறையில் உறுதிப்படுத்திய ஆண்டு. கொரியாவின் பார்வையில் அது குடியேற்ற ஆதிக்கத்தின் முதற்படி. அதே ஆண்டு நவம்பர் 17 அன்று கையெழுத்தான காப்பாட்சி ஒப்பந்தத்தால் கொரியா தன் அயலுறவு அதிகாரத்தை இழந்தது. 1910இல் நாடே இணைக்கப்பட்டது. ஆகவே டொக்டோவை மட்டும் தனித்துப் பிரித்துச் சட்டச் சிக்கலாகப் பார்க்கக் கொரியச் சமூகம் மறுக்கிறது.

இரு தரப்பும் பழைய ஆவணங்களை முன்வைக்கின்றன. கொரியப் பேரரசு 1900 அக்டோபர் 25 அன்று வெளியிட்ட 41ஆம் எண் ஆணை, உல்லுங்தோவுடன் 'சொக்டோ' என்னும் தீவையும் ஒரே ஆட்சிப் பகுதியில் சேர்த்தது. சொக்டோ என்பது டொக்டோவே என்கிறது கொரியா. அதற்குச் சான்று போதாது என்கிறது ஜப்பான். ஜப்பானின் அன்றைய உயர் நிர்வாக அமைப்பான தாஜோகான் 1877இல், 'தக்கெஷிமாவும் மற்றொரு தீவும்' ஜப்பானுக்குத் தொடர்பற்றவை என்று அறிவுறுத்தியது. அக்காலத்தில் உல்லுங்தோவே தக்கெஷிமா என அழைக்கப்பட்டது. ஆகவே அந்த 'மற்றொரு தீவு' இன்றைய டொக்டோவே என்று கொரிய ஆய்வாளர்கள் வாதிடுகின்றனர். ஜப்பானியத் தரப்பில் இதற்கு மறுப்புகள் உள்ளன.

போருக்குப் பிந்தைய ஆவணங்களும் தெளிவைத் தரவில்லை. நேச நாடுகளின் தலைமைத் தளபதியகம் 1946 ஜனவரி 29 அன்று பிறப்பித்த 677ஆம் எண் ஆணை, இத்தீவை ஜப்பானின் நிர்வாக எல்லைக்கு வெளியே வைத்தது. ஆனால் தன்னை இறுதி எல்லை முடிவாகக் கொள்ளலாகாது என்றும் அவ்வாணையே கூறியது. 1951 செப்டம்பர் 8 அன்று கையெழுத்தான சான் பிரான்சிஸ்கோ அமைதி ஒப்பந்தம், ஜப்பான் துறக்கும் கொரியத் தீவுகளாக மூன்றைப் பெயர் சுட்டியது. டொக்டோ அவற்றுள் இல்லை. பெயர் சுட்டப்படாததால் அது ஜப்பானுடையதே என்கிறது ஒரு தரப்பு. கொரியாவின் எல்லாத் தீவுகளும் அங்குப் பட்டியலிடப்படவில்லை, அம்மூன்றும் எடுத்துக்காட்டுகளே என்கிறது மறுதரப்பு.

ஒப்பந்தம் நடைமுறைக்கு வருமுன், 1952 ஜனவரி 18 அன்று, கொரியக் குடியரசுத் தலைவர் சிங்மன் ரீ கடல் எல்லைக்கோடு ஒன்றை அறிவித்து டொக்டோவை அதனுள் அடக்கினார். தொடர்ந்து 1954 முதல் அங்குக் கலங்கரை விளக்கமும் காவலும் அமைந்தன. ஜப்பான் 1954 செப்டம்பர் 25 அன்று சிக்கலைப் பன்னாட்டு நீதிமன்றத்திற்குக் கொண்டுசெல்ல முன்மொழிந்தது, கொரியா மறுத்தது. 1962இலும் 2012இலும் இதே முன்மொழிவும் மறுப்பும் மீண்டும் நிகழ்ந்தன.

கொரியாவின் உத்தியில் இரு கூறுகள் உள்ளன. முதலாவது, பிணக்கின் இருப்பையே மறுப்பது. 1965ஆம் ஆண்டு இரு நாட்டு உறவு சீரமைக்கப்பட்டபோது பரிமாறப்பட்ட குறிப்புகள், பிணக்குகளை அரசதந்திர வழியில் தீர்ப்பது பற்றிப் பேசுகின்றன. அதில் தக்கெஷிமாவும் அடங்கும் என்கிறது ஜப்பான். அது பிணக்கே இல்லையாதலால் அடங்காது என்கிறது கொரியா. இரண்டாவது கூறு, ஆளுகையைக் கண்ணுக்குத் தெரியுமாறு செய்வது. காவல் படை, படகுத்துறை, வானூர்தி இறங்குதளம், சுற்றுலா, சில குடிமக்களின் வாழ்விடம் ஆகியவை அங்கு அமைக்கப்பட்டன. ஷிமானே மாநிலம் 2005இல் பிப்ரவரி 22ஐத் 'தக்கெஷிமா நாள்' என அறிவித்ததும், கொரியா அத்தீவைச் சுற்றுலாப் பயணிகளுக்குப் பரவலாகத் திறந்துவிட்டது. 2012 ஆகஸ்ட் 10 அன்று அதிபர் லீ மியுங்-பாக் அங்கு நேரில் சென்றார்.

சென்காகு: கைவசம் இருந்தும் காலியாக

சென்காகு தீவுகளை 1885 முதல் ஆய்வு செய்து, அவை எவருக்கும் உரித்தல்லாத நிலம் என உறுதிப்படுத்திக்கொண்ட பின்னர், 1895 ஜனவரி 14 அன்று அமைச்சரவை முடிவின் வழி இணைத்ததாக ஜப்பான் கூறுகிறது. அப்போது சீன-ஜப்பானியப் போர் நடந்துகொண்டிருந்தது. அம்முடிவு பொதுவெளியில் அறிவிக்கப்படவில்லை. மூன்று மாதங்களுக்குப் பின் ஏப்ரல் 17 அன்று கையெழுத்தான ஷிமோனோசெகி ஒப்பந்தத்தால் தைவானும் அதைச் சார்ந்த தீவுகளும் ஜப்பானுக்குச் சென்றன. சென்காகு அத்தீவுகளுள் அடங்கும் என்றும், 1943ஆம் ஆண்டுக் கெய்ரோ அறிவிப்பின்படி அது திருப்பித் தரப்பட்டிருக்க வேண்டும் என்றும் சீனா வாதிடுகிறது. ஒப்பந்தத்திற்கு முன்பே தனியாக இணைக்கப்பட்டதால் அதற்குத் தொடர்பில்லை என்பது ஜப்பானின் மறுமொழி.

1896 முதல் கோகா தட்சுஷிரோ என்னும் தொழில்முனைவர் அத்தீவுகளைக் குத்தகைக்குப் பெற்றுப் பறவை இறகு சேகரிப்பு, மீன் பதப்படுத்தல் ஆகியவற்றை நடத்தினார். 200க்கும் மேற்பட்டோர் அங்கு வாழ்ந்த காலமும் உண்டு. பின்னர்த் தீவுகள் ஆளற்றுப்போயின. போருக்குப்பின் அமெரிக்காவின் நிர்வாகத்தில் இருந்து, ஒகினாவாவுடன் சேர்த்து 1972 மே 15 அன்று ஜப்பானிடம் வந்தன. இதற்கிடையே 1968-69ஆம் ஆண்டுகளில் ஐக்கிய நாடுகளின் ஆசியப் பொருளாதார ஆணையச் சார்பில் நடந்த கடலடி ஆய்வு, அப்பகுதியில் எண்ணெய் வளம் இருக்கக்கூடும் எனச் சுட்டியது. 1971இல் தைவானும் சீனாவும் முறையான உரிமைக்கோரலை முன்வைத்தன. 1895 முதல் ஏறத்தாழ 75 ஆண்டுகள் சீனா எதிர்ப்பே தெரிவிக்கவில்லை என்பது ஜப்பானின் வலுவான வாதமாகும்.

இங்கு ஜப்பானின் உத்தி கொரியாவின் உத்தியோடு சொல்லளவில் ஒன்றுபட்டுச் செயலளவில் வேறுபடுகிறது. பிணக்கு இல்லை என்று ஜப்பானும் கூறுகிறது. ஆனால் சென்காகுவில் குடியிருப்போ துறைமுகமோ அது அமைக்கவில்லை. 1978இல் தனியார் குழுவொன்று நாட்டிய விளக்கம் பின்னர் அரசுடைமையாக்கப்பட்டது. அதைத் தவிரக் குறிப்பிடத்தக்க கட்டுமானம் இல்லை. தன் நாட்டுக் குடிமக்களும் அங்கு இறங்குவதை அரசு தடுத்து வருகிறது. கடலில் மட்டும் காவல் வலுப்படுத்தப்பட்டுள்ளது. 12 ரோந்துக் கப்பல்களைக் கொண்ட தனிப்பிரிவு 2016இல் முழுமை பெற்றது.

2012ஆம் ஆண்டு நிகழ்வு இவ்வுத்தியின் இடர்ப்பாட்டைக் காட்டுகிறது. அவ்வாண்டு ஏப்ரலில் தோக்கியோ ஆளுநர் இஷிஹாரா ஷிந்தாரோ, தனியாருக்குச் சொந்தமான தீவுகளை மாநகர அரசு வாங்கும் என அறிவித்தார். அவ்வாறு நடந்தால் அங்குக் கட்டுமானம் எழும், நிலைமை மோசமாகும் எனக் கருதிய மைய அரசு, தானே முந்திக்கொண்டு செப்டம்பர் 11 அன்று மூன்று தீவுகளை 205 கோடி யென்னுக்கு வாங்கியது. அமைதி காக்கும் நோக்கில் செய்ததாக ஜப்பான் விளக்கியது. நிலவரத்தையே மாற்றிய செயலாகச் சீனா அதனைக் கண்டது. சீன நகரங்களில் பெரும் போராட்டங்கள் வெடித்தன. சீன அரசுக் கப்பல்களின் வருகை வழக்கமாயிற்று.

சீனாவின் உத்தி, உரிமையைப் பெறுவதற்கு முன் மறுதரப்பின் தனியாளுகையை உடைப்பதாகும். 1978 அக்டோபரில் தோக்கியோவில் தெங் சியாவோபிங், இச்சிக்கலை அடுத்த தலைமுறைக்கு விட்டுவிடலாம் என்னும் பொருளில் பேசினார். 1992ஆம் ஆண்டு ஆட்சிக் கடல் சட்டத்தில் தியாவ்யூவின் பெயரைச் சீனா சேர்த்தது. 2008 டிசம்பரில் சீன அரசுக் கப்பல்கள் தீவுகளை ஒட்டிய 12 கடல் மைலுக்குள் நுழைந்தன. 2013 நவம்பரில் அறிவித்த வான் பாதுகாப்பு அடையாள மண்டலத்துள் தீவுகளை அடக்கியது. இன்று ஆண்டின் பெரும்பாலான நாட்களில் சீனக் கடலோரக் காவல் கப்பல்கள் அக்கடலை ஒட்டி உலவுகின்றன. இருவரும் ஒரே கடலில் ரோந்து வந்தால், தனியாளுகை என்னும் கூற்று காலப்போக்கில் தேய்ந்துவிடும் என்பதே இதன் கணக்கு.

சொல்லும் செயலும்: ஓர் ஒப்பீடு

மேற்கண்டவற்றிலிருந்து ஒரு பாங்கு புலனாகிறது. தீவைக் கைவசம் வைத்திருக்கும் அரசு (தென்கொரியா, சென்காகுவில் ஜப்பான்) பிணக்கை மறுக்கிறது. கைவசம் இல்லாத அரசு (தக்கெஷிமாவில் ஜப்பான், சென்காகுவில் சீனா) பிணக்கு உண்டு என்பதை ஏற்கச் செய்யப் போராடுகிறது.

மறுப்பிற்குச் சட்டப் பயனும் உண்டு. தீவு வழக்குகளில் பிணக்கு உருப்பெற்ற நாளை 'முடிவுநாள்' என்பர். அந்நாளுக்குப் பின் தன் நிலையை மேம்படுத்தும் நோக்கில் ஓர் அரசு செய்யும் செயல்களை நீதிமன்றம் கணக்கில் கொள்வதில்லை. பிணக்கு உள்ளது என ஏற்றால் முடிவுநாள் ஒன்றும் ஏற்கப்பட வேண்டிவரும். அதற்குப் பின் கட்டிய படகுத்துறையும் அனுப்பிய கப்பலும் சட்ட எடை இழக்கும். பிணக்கே இல்லையெனில் ஆளுகையின் ஒவ்வொரு நாளும் உரிமைக்குச் சான்றாகத் தொடரும். ஆயினும் ஒரு தரப்பு மறுப்பதனால் மட்டும் பிணக்கு இல்லாமற் போவதில்லை. பிணக்கின் இருப்பு புறநிலையில் தீர்மானிக்கப்பட வேண்டியது என்று பன்னாட்டு நீதிமன்றம் 1950லேயே கருத்துரைத்துள்ளது. ஆனால் நீதிமன்றம் அவ்வாறு தீர்மானிக்க, வழக்கு அங்குச் செல்ல வேண்டும். செல்வதற்கு இரு தரப்பின் இசைவும் வேண்டும். ஜப்பான் 1958லேயே நீதிமன்றத்தின் கட்டாய அதிகாரத்தை ஏற்றுள்ளது. தென்கொரியாவும் சீனாவும் ஏற்கவில்லை.

கைவசம் வைத்திருப்போர் இருவரும் சொல்லில் ஒன்றுபட்டும் செயலில் வேறுபடுவது ஏன் என்னும் வினா எஞ்சுகிறது. எதிர்த் தரப்பின் வலிமையே இதற்கு விடையாகும். ஜப்பான் படைவலிமை கொண்டு டொக்டோவை மீட்க முயலாது என்பதைக் கொரியா அறியும். ஜப்பானிய அரசியலமைப்பின் 9ஆம் உறுப்பும், இரு நாடுகளும் அமெரிக்காவின் கூட்டாளிகளாக இருப்பதும் அதற்கு உறுதியளிக்கின்றன. எனவே கட்டுமானமும் சுற்றுலாவும் கொரியாவுக்குச் செலவு குறைந்த செயல்கள். சென்காகுவில் எதிர்த் தரப்பு வளர்ந்துவரும் பெரும் படைவலிமை கொண்ட நாடு. அங்கு எழுப்பும் ஒரு சுவரும் மோதலுக்குக் காரணமாகலாம். எனவே ஜப்பான் தீவை வெறுமையாக வைத்துக் கடலைக் காக்கிறது. இறையாண்மை யாருடையது என்பதில் நிலைப்பாடு எடுக்காத அமெரிக்கா, ஜப்பானின் நிர்வாகத்தில் உள்ளவரை பாதுகாப்பு ஒப்பந்தத்தின் 5ஆம் உறுப்பு சென்காகுவுக்கும் பொருந்தும் என்கிறது. நிர்வாகத்தை இழந்தால் அப்பாதுகாப்பும் கேள்விக்குள்ளாகும். சீனாவின் ரோந்து நிர்வாகத்தையே குறிவைப்பது இதனாலேயே எனலாம்.

குரில் தீவுகள்: கருதுகோளுக்கு ஒரு சோதனை

எடொரோபு, குனாஷிரி, ஷிகோடன், ஹபோமை ஆகியவை பரப்பால் சிறியனவல்ல, மக்கள் வாழ்வனவும்கூட. ஆயினும் ஜப்பானின் மூன்றாவது தீவுச் சிக்கல் என்ற அளவில் இங்குக் கருதத்தக்கவை. 1945 ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் சோவியத் படைகள் அவற்றைக் கைப்பற்றின. அங்கு வாழ்ந்த ஏறத்தாழ 17,000 ஜப்பானியர் பின்னர் வெளியேற நேர்ந்தது. 1956ஆம் ஆண்டுக் கூட்டறிக்கை, அமைதி ஒப்பந்தம் ஏற்பட்டபின் ஷிகோடனும் ஹபோமையும் ஒப்படைக்கப்படும் என்றது. அவ்வொப்பந்தம் இன்றுவரை ஏற்படவில்லை.

கைவசம் வைத்திருந்த சோவியத் ஒன்றியம் நெடுங்காலம் நில எல்லைச் சிக்கலே இல்லை என்றது. பொருளாதார நெருக்கடியில் இருந்த 1991 ஏப்ரலில், கொர்பச்சேவின் வருகையின்போது வெளியான கூட்டறிக்கையில் நான்கு தீவுகளின் பெயர்களும் இடம்பெற்றன. 1992 முதல் முன்னாள் குடியிருப்போருக்கும் தற்போது அங்கு வாழ்வோருக்கும் இடையே விசா இன்றி வருகைப் பரிமாற்றம் நடந்தது. 2020இல் ரஷ்யா, நிலப்பகுதியைப் பிரித்தளிப்பதைத் தடுக்கும் திருத்தத்தை அரசியலமைப்பில் சேர்த்தது. உக்ரைன் போரை ஒட்டி 2022 மார்ச்சில் பேச்சுவார்த்தையை நிறுத்தியது. மறுப்பு என்பது நிலையான கொள்கையாக இல்லாமல், தேவைக்கேற்பத் தளரவும் இறுகவும் கூடிய கருவியாக இருப்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

தீர்ப்புகள் உணர்த்துவன

நீதிமன்றம் சென்ற தீவு வழக்குகளைக் கண்டால், அரசுகள் ஏன் ஒவ்வோர் ஆண்டும் சலிப்பின்றி எதிர்ப்புக் குறிப்புகளை அனுப்புகின்றன என்பது விளங்கும். 1928ஆம் ஆண்டுப் பல்மாஸ் தீவு வழக்கில் நடுவர் மாக்ஸ் ஹியூபர், அருகில் இருப்பது என்பதைவிடத் தொடர்ச்சியாகவும் அமைதியாகவும் ஆளுகை செலுத்துவதே உரிமையைத் தரும் என்று கொண்டு நெதர்லாந்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார்.

லிகித்தான், சிப்பாடான் தீவுகள் தொடர்பான இந்தோனேசிய-மலேசிய வழக்கில் 2002 டிசம்பர் 17 அன்று மலேசியாவுக்கு வெற்றி கிட்டியது. ஆமை முட்டை சேகரிப்பை ஒழுங்குபடுத்தியது, சிப்பாடானைப் பறவைக் காப்பிடமாக அறிவித்தது ஆகியனவே முதன்மைச் சான்றுகளாயின. கலங்கரை விளக்கங்கள் எழுந்தபோது இந்தோனேசியா எதிர்க்கவில்லை என்பதையும் நீதிமன்றம் சுட்டியது. பெட்ரா பிராங்கா வழக்கில் மூல உரிமை ஜொகூருக்கே இருந்தது என நீதிமன்றம் ஏற்றது. ஆனால் 1953இல் ஜொகூரின் தற்காலிக அரசுச் செயலர், அப்பாறையின் உடைமையைத் தம் அரசு கோரவில்லை என எழுதிய கடிதமும், அதன்பின் சிங்கப்பூர் செலுத்திய ஆளுகைக்கு எழாத எதிர்ப்பும் நிலைமையை மாற்றின. 2008 மே 23 அன்று அது சிங்கப்பூருக்கு உரியதாயிற்று.

பேச வேண்டிய இடத்தில் பேசாதிருந்தால் உரிமை கைமாறலாம் என்பது இத்தீர்ப்புகளின் சாரம். ஆனால் இவ்விதியைக் கிழக்காசியச் சூழலில் அப்படியே பொருத்துவது ஆய்வுக்குரியது. 1906 மார்ச்சில் ஷிமானே அலுவலர்கள் வந்து இணைப்பைப் பற்றிக் கூறியபோது, உல்லுங்தோவின் ஆட்சி அலுவலர் ஷிம் ஹுங்-தேக், தம் பகுதிக்கு உட்பட்ட டொக்டோ என்று குறிப்பிட்டு மேலிடத்திற்கு அறிக்கை அனுப்பினார். அதற்குள் கொரியா அயலுறவு அதிகாரத்தை இழந்திருந்தது. எதிர்ப்பைத் தெரிவிக்கும் வாயே பறிக்கப்பட்ட ஒரு நாட்டின் மௌனத்தை ஒப்புதலாகக் கொள்ளலாமா? நீதிமன்றம் செல்லக் கொரியா மறுப்பதைத் தோல்வி அச்சம் என்று மட்டும் விளக்குவது முழுமையாகாது. குடியேற்ற காலத்துச் சட்ட அளவுகோல் மீதான நம்பிக்கையின்மையும் அதில் உள்ளது. அதே வேளையில், தன்னாட்சியுடன் இருந்தும் நெடுங்காலம் பேசாதிருந்த அரசுகளுக்கு இவ்வாதம் முழுமையாகப் பொருந்தாது என்பதையும் கூறவேண்டும்.

உரிமையை ஒத்திவைத்து மீனைப் பகிர்தல்

இறையாண்மைச் சிக்கல் தீராதபோதும் கடலில் வாழ்வு நடந்தாக வேண்டும். 1998இல் கையெழுத்தான கொரிய-ஜப்பானிய மீன்பிடி ஒப்பந்தம், டொக்டோவைச் சூழ்ந்த கடலை இரு நாட்டுப் படகுகளும் தொழில் செய்யத்தக்க இடைப்பட்ட பகுதிக்குள் அடக்கியது. மீன்பிடி தவிர்த்த பிற சட்ட நிலைப்பாடுகளை ஒப்பந்தம் பாதிக்காது என்னும் விதியும் சேர்க்கப்பட்டது. ஜப்பானும் தைவானும் 2013 ஏப்ரலில் செய்த மீன்பிடி ஏற்பாடு, சென்காகுவை ஒட்டிய 12 கடல் மைல் பகுதியைத் தவிர்த்து அதற்கு வெளியே உள்ள கடலை இரு தரப்புக்கும் திறந்தது. இந்த ஏற்பாடுகளிலும் குறைகள் உண்டு. சில இடங்களில் பிற தரப்பு வலைகள் பெருகின என ஒகினாவா மீனவர்கள் முறையிட்டனர். எனினும் பெயரும் உரிமையும் தீராமலே அன்றாடத்தை ஒழுங்குபடுத்த முடியும் என்பதற்கு இவை சான்றுகளாகும்.

முடிவுரை

இவ்வாய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. தீவுச் சிக்கல்களில் 'பிணக்கு உண்டு', 'பிணக்கு இல்லை' என்பவை நிலைமையை விவரிக்கும் சொற்களாக மட்டும் நிற்பதில்லை. அவையே உத்திகளாகச் செயல்படுகின்றன. எந்தச் சொல்லை ஓர் அரசு ஏற்கும் என்பதைக் கைவசமே தீர்மானிக்கிறது. ஜப்பானின் மாறுபட்ட நிலைப்பாடுகள் இதனை உறுதிசெய்கின்றன.

2. கைவசம் உள்ள தீவில் ஓர் அரசு எவ்வளவு வெளிப்படையாக ஆளுகை செலுத்தும் என்பதை எதிர்த் தரப்பின் வலிமையும் கூட்டணிச் சூழலும் தீர்மானிக்கின்றன. டொக்டோவின் படகுத்துறையும் சென்காகுவின் வெறுமையும் இவ்வேறுபாட்டின் விளைவுகள்.

3. பன்னாட்டுச் சட்டம் மௌனத்தைத் தண்டிப்பதால் எந்த அரசும் முதலில் பேச்சை நிறுத்த முன்வருவதில்லை. 2012ஆம் ஆண்டுத் தீவுக் கொள்முதல் போலத் தணிக்க எண்ணிச் செய்ததும் தூண்டுதலாகப் பொருள்கொள்ளப்படுவது இதன் தொடர்விளைவாகும்.

4. மௌன ஒப்புதல் என்னும் கோட்பாட்டைக் குடியேற்ற ஆதிக்கச் சூழலில் எடைபோடும்போது, பேசும் ஆற்றல் அவ்வரசுக்கு இருந்ததா என்பதும் கருதப்பட வேண்டும்.

இறையாண்மையை ஒத்திவைத்துப் பயன்பாட்டைப் பகிரும் மீன்பிடி உடன்பாடுகள் எச்சூழலில் நிலைக்கின்றன, எச்சூழலில் முறிகின்றன என்பது தனித்த ஆய்வுக்கு உரியது. உரிமை பற்றிய பேச்சு அமைச்சகங்களிலும் நீதிமன்றங்களிலும் நடக்கிறது. அதன் இழப்பை அன்றாடம் சுமப்போர் அக்கடலில் வலை வீசுவோரும், பிறந்த தீவுக்குத் திரும்பவியலாத முதியோரும் ஆவர். அவர்களை மையமாக வைத்து இச்சிக்கல்களை அணுகும் ஆய்வுகள் பெருகினால், உத்திகளின் ஆய்வும் முழுமை பெறும்.